பன்னீர் உருகாது, முக்கோணச் சீஸ் நிற்காது: பொரித்த சீஸ் கேர்ட்டை வீட்டில் செய்வது எப்படி?

உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "மொன்றியலில் இருந்து மச்சாள் லீவுக்கு வந்து நிற்கிறா. பொரித்த சீஸ் கேர்ட் வேணுமாம். பன்னீரை வெட்டி மாவில் தோய்த்துப் பொரித்தேன், உள்ளே உருகவே இல்லை. பெட்டியில் வரும் முக்கோணச் சீஸைப் பொரித்தேன், எண்ணெய்க்குள் ஓடிவிட்டது. எங்கள் ஊர்ப் பாலில் இதைச் செய்ய ஏலுமா?"

ஏலும் தங்கச்சி. ஆனால் அடுப்பை மூட்ட முதல் மச்சாளிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். மொன்றியல் பக்கம் சீஸ் கேர்ட்டை, அதாவது அச்சில் அழுத்தாத புதுச் சீஸ் துண்டுகளை, பெரும்பாலும் பொரிப்பதில்லை. உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் அதை அப்படியே தூவி, கொதிக்கக் கொதிக்கக் கிரேவி ஊற்றிச் சாப்பிடுவார்கள். பூட்டீன் என்று பெயர். 1950களின் பிற்பகுதியில் கியூபெக் நாட்டுப்புறத்தில் தொடங்கியது. வார்விக், டிரம்மண்ட்வில் என்று இரண்டு ஊர்கள் இன்னமும் "நாங்கள்தான் முதல்" என்று இழுபறிப்படுகின்றன. மாவில் தோய்த்துப் பொரிப்பது அமெரிக்காவின் விஸ்கொன்சின், மினசோட்டாப் பழக்கம். அங்கே கோடைக் கண்காட்சிகளில் சனம் வரிசையில் நின்று வாங்கும். எல்ஸ்வேர்த் என்ற சிற்றூரை 1984இல் விஸ்கொன்சின் ஆளுநர் சீஸ் கேர்ட்டின் தலைநகர் என்றே அறிவித்தார். மச்சாள் எதைக் கேட்டாலும் சீஸ் ஒன்றுதான், கடைசிப் பத்து நிமிடம்தான் வேறு. ஆகவே சீஸில் இருந்து தொடங்குவோம்.

உங்கள் பன்னீர் உருகாததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. பன்னீருக்குப் பாலைக் கொதிக்க வைத்து, அந்தச் சூட்டிலேயே தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விடுகிறோம். கொதி வந்ததும் பாலின் தெளிநீரில் கரைந்திருக்கும் புரதங்கள் குலைந்து, கேசீன் என்ற முக்கியப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புளி பட்டதும் இரண்டும் ஒன்றாகத் திரளும். அப்படித் திரண்டது எந்தச் சூட்டிலும் இளகாது. கறிக்குள் துண்டு துண்டாக நிற்பதும் அதனால்தான். முக்கோணச் சீஸ் இதற்கு நேர் எதிர். ஏற்கெனவே செய்த சீஸை அரைத்து, தண்ணீரும் சிட்ரேட், பொஸ்பேட் உப்புகளும் சேர்த்து மறுபடி உருக்கி வார்த்தது அது. பாணில் பூசுவதற்கென்றே மெதுமையாக வைத்திருக்கிறார்கள். எண்ணெய்ச் சூட்டைத் தாங்க அதற்குள் பிடிமானம் கிடையாது.

சீஸ் கேர்ட் என்பது செடார் சீஸை அச்சில் போட்டு அழுத்துவதற்கு முன் எடுத்த துண்டு. பால் கொதி காணாது. உறை கிருமிகள் அதை மெல்லப் புளிக்க வைக்கும். ரெனெட் என்ற நொதி கேசீனை மட்டும் உறைய வைக்கும். கேசீனை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது கல்சியம். புளிப்பு ஏற ஏற அந்தக் கல்சியத்தில் ஒரு பங்கு கரைந்து போகும். புளிப்பை அளக்கும் பிஎச் எண் (புளிப்பு ஏற அது குறையும்) 5.2 முதல் 5.4 வரைக்குள் வந்து நிற்கும்போது சீஸ் சூட்டில் இளகும், இழுத்தால் நீளும், ஆனால் ஓடாது. அதற்கு முன் நிறுத்தினால் உருகாது. அதைத் தாண்டவிட்டால் உதிரும். வேலை முழுக்க இந்தப் புளிப்பைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவதில்தான் இருக்கிறது. பொரிப்பதைப் பற்றிப் பயப்படாதீர்கள், கட்லட் பொரிக்கத் தெரிந்தவருக்கு அது வரும்.

பால். பெட்டியில் வரும் நீண்டநாள் பாலையும் பால்மாவையும் இதற்கு எடுக்காதீர்கள். நீண்டநாள் பால் 135 பாகைக்கு மேல் சூடு கண்டது. அதில் ரெனெட் விட்டால் குழைந்த கூழ்தான் வரும். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்தில் இருந்து காலையில் வரும் பசும்பாலைக் கேளுங்கள். தண்ணீர் கலக்காத பாலாக இருக்க வேண்டும். மடிநோய்க்கு மருந்தேற்றிய மாட்டின் பாலும் வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அந்த மருந்து பாலில் இறங்கி உறை கிருமியைக் கொன்றுவிடும்; பிறகு எத்தனை மணித்தியாலம் இருந்தாலும் பால் புளிக்காது. எருமைப்பால் கிடைத்தால் சந்தோஷம். அதில் கொழுப்பும் கல்சியமும் கூட. சீக்கிரம் உறையும், சீஸும் கூடுதலாகக் கிடைக்கும், பால்வெள்ளையாக வரும். முழுவதும் எருமைப்பால் என்றால் துண்டு கொஞ்சம் இறுகிப்போகும். பாதிக்குப் பாதி பசும்பாலோடு கலப்பதுதான் எனக்குப் பிடித்த அளவு.

பச்சைப்பாலை அப்படியே பாவிக்க வேண்டாம். இலங்கையில் மாட்டிலும் எருமையிலும் புரூசெல்லா நோய் உண்டு, அது பால் வழியாக மனிதருக்கு வரும். அதற்காகக் கொதிக்க வைத்தால் பன்னீர்க் கதைதான் திரும்பவும் நடக்கும். பாலை 63 பாகை செல்சியஸில் அரை மணித்தியாலம் வைத்திருந்து, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கி ஆற்றிவிடுங்கள். கிருமி சாகும், பாலின் உறையும் குணம் கெடாது. இதற்கு வெப்பமானி கட்டாயம் வேண்டும். சமையலுக்கான சின்ன டிஜிட்டல் ஒன்று போதும். இந்த வேலையில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே கருவி அதுதான்.

ரெனெட் எங்கள் ஊரில் இலேசாகக் கிடைக்காது. கொழும்பில் கேக், சீஸ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருந்து வருபவரிடம் சொல்லிவிடுங்கள். பொதியைப் பார்த்து வாங்குங்கள். பழைய முறை ரெனெட் கன்றின் இரைப்பையில் இருந்து எடுப்பது. வெள்ளிக்கிழமை மரக்கறி பார்க்கும் வீட்டுக்கும் ஹலால் பார்க்கும் வீட்டுக்கும் பூஞ்சையில் இருந்து எடுக்கும் ரெனெட் உண்டு, வேலை ஒன்றுதான். புடிங்குக்கு விற்கும் ஜங்கட் வில்லை பலம் குறைந்தது, இதற்குச் சரிவராது.

உறைக்குத் தனியாகப் பொடி வாங்கத் தேவையில்லை. நல்ல சட்டித் தயிர் போதும். புதிதாகத் தோய்ந்ததாக, அதிகம் புளிக்காததாகப் பாருங்கள். கரண்டியால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தால் உள்ளே குமிழ் குமிழாகப் பொத்தல் இருக்கக்கூடாது. இருந்தால் வேண்டாத கிருமி ஏறிவிட்டது, சோற்றோடு சாப்பிடக்கூட எடுக்காதீர்கள். கடையில் கப்பில் வரும் இனிப்பு யோகட்டும் வேண்டாம்.

இனி வேலை. நாலு லீற்றர் பாலை 37 பாகைக்கு ஆற்றி, நாலு மேசைக்கரண்டி தயிரைக் கட்டியில்லாமல் அடித்துக் கலந்து முக்கால் மணித்தியாலம் மூடி வையுங்கள். குளிர் நாட்டுக்காரர் பாலின் சூடு குறையாமல் இருக்க என்னென்னவோ செய்வார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் சமையலறையே அந்த வேலையைப் பார்த்துவிடும். வாடைக்காலம் என்றால் பாத்திரத்தை வெந்நீர்ப் பேசினுக்குள் வைத்தால் சரி.

ரெனெட்டைப் பொதியில் சொன்ன அளவுக்கு எடுத்து, கொதித்து ஆறிய கால் கப் தண்ணீரில் கரையுங்கள். குழாய்த் தண்ணீரை நேரே எடுத்தால் அதில் இருக்கும் குளோரின் ரெனெட்டைக் கெடுக்கும். பாலில் விட்டு அரை நிமிடம் மேலும் கீழுமாகக் கிளறி, பிறகு அசையாமல் விட்டுவிடுங்கள். பால் சுழன்றுகொண்டே இருந்தால் உறைவு கிழியும். முக்கால் மணித்தியாலத்தில் பாருங்கள். கத்தியைச் சாய்வாக நுழைத்து மெல்ல உயர்த்தினால் உறைவு ஒரே கோடாகப் பிளந்து, அந்த இடைவெளியில் பச்சை கலந்த மஞ்சள் தெளிநீர் ஊற வேண்டும். நீர் பால்நிறமாக இருந்தாலோ பிளவு நொறுநொறுவென்று வந்தாலோ இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

ஒரு சென்ரிமீற்றர் கட்டங்களாக வெட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு அடுப்பை மிகச் சிறிதாக வைத்து, அரை மணித்தியாலம் எடுத்து 39 பாகைக்குக் கொண்டுபோங்கள். ஓயாமல் மெதுவாகக் கிளற வேண்டும். அவசரப்பட்டால் துண்டின் வெளிப்பக்கம் தோலாக இறுகி, உள்ளே தண்ணீர் அடைபட்டுவிடும்; பொரிக்கும்போது வெடிப்பது அந்தத் தண்ணீர்தான். 39இல் இன்னும் அரை மணித்தியாலம். ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பார்த்தால் ஒட்ட வேண்டும், விரலால் தட்டினால் திரும்பவும் பிரிய வேண்டும். அந்தப் பதத்தில் மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்துவிடுங்கள்.

வடித்ததும் பல சமையல் குறிப்புகள் உப்புப் போடச் சொல்லிவிடும். அங்கேதான் உருகாத சீஸ் கிடைக்கிறது. வடிந்த கட்டியை அரை மணித்தியாலத்துக்குப் பாத்திரத்திலேயே விடுங்கள், ஒரே பாளமாகச் சேரும். அதை இரண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை மேலதைக் கீழும் கீழதை மேலுமாக மாற்றி வையுங்கள். பாத்திரம் 37, 38 பாகைக்குக் குறையக்கூடாது. செடாரிங் என்பது இதுதான். இரண்டு மணித்தியாலம் ஆகும், சில நாள் மூன்றும் ஆகும். பாளம் தட்டையாகி, பிய்த்தால் அவித்த கோழி நெஞ்சு இறைச்சி போல நார் நாராக வரத் தொடங்கும்.

மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள். பிஎச் மீற்றர் இல்லாத வீட்டுக்கு ஒரு சோதனை இருக்கிறது. சுண்டுவிரல் நுனியளவு துண்டை 75 முதல் 80 பாகைத் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, இரண்டு கரண்டியால் மடித்து அமுக்கி, மெதுவாக இழுங்கள். அறுந்து துருவலாகப் போனால் புளிப்புக் காணாது, இருபது நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பளபளவென்று ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டு வந்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்த வேண்டும். இழுபடாமல் நீருக்குள் கூழாகக் கலைந்தால் தாண்டிவிட்டது. அந்தச் சீஸைப் பொரிக்க வேண்டாம், பாணுக்குள் வைத்துச் சாப்பிடுங்கள்.

இழுபட்டதும் பாளத்தை விரல் மொத்தத்தில் ஒன்றரை அங்குலத் துண்டுகளாகப் பிய்த்து, உப்புப் பிரட்டுங்கள். நாலு லீற்றர் பசும்பாலுக்கு 400 கிராமை ஒட்டிச் சீஸ் வரும். அதற்கு 8 கிராம் உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டிக்குக் கிட்ட. உப்பு புளிப்பு மேலும் ஓடாமல் பிடித்து நிறுத்தும், மிச்சத் தண்ணீரையும் இழுத்து வெளியேற்றும். இப்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள், பல்லில் கீச்சென்று சத்தம் வரும். குலையாத புரத வலை பல்லில் உரசும் சத்தம் அது. அங்கே சனம் இந்தச் சத்தத்துக்காகவே செய்த அன்றைக்கே வாங்கிச் சாப்பிடும், கடைக்காரரும் அன்றைய சீஸை வெளியில் மேசையில் வைத்தே விற்பார்கள். எங்கள் வெக்கையில் அதைப் பார்த்துச் செய்யப் போகாதீர்கள். உப்புப் பிரட்டி நீர் வடிந்ததும் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஒரு நாள் பிரிட்ஜில் இருந்தால் சத்தம் அடங்கிவிடும். பொரிக்க அதுவே நல்லது, வெளிப்பக்கம் உலர்ந்து மா நன்றாகப் பிடிக்கும். சத்தம் வேண்டுமென்றால் சில துண்டுகளைச் சாப்பிட முதல் இலேசாகச் சூடாக்குங்கள், கொஞ்சம் திரும்பி வரும்.

இவ்வளவு நேரம் இல்லாதவருக்குச் சிட்ரிக் அமில வழி. காய்ச்சிய பால் இல்லை, மேலே சொன்ன 63 பாகைப் பால்தான். பிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, நாலு லீற்றருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தை ஒரு கப் தண்ணீரில் கரைத்து விடுங்கள். 32 பாகைக்குச் சூடாக்கி ரெனெட் சேர்த்தால் பத்து நிமிடத்துக்குள் உறையும். வெட்டி, 41 பாகைக்கு ஏற்றி, வடித்து, 80 பாகைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து இழுத்து, கயிறாகத் திரித்து ஐஸ் தண்ணீரில் போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியால வேலை. உருகும், இழுபடும். ருசி மட்டும் வெறும் பால் ருசிதான். இதுவும் ஏலாதென்றால் பெரிய கடையில் கட்டியாக விற்கும் மொசரெல்லாவை வாங்கி வெட்டுங்கள். துருவிப் பொதி செய்ததும், தண்ணீரில் மிதக்கும் உருண்டையும் வேண்டாம். விருந்தாளி நாளைக்குப் பயணம் என்றால் நானும் இதைத்தான் செய்வேன், அதில் குறையொன்றும் இல்லை.

பொரிக்கும்போது சீஸ் வெளியே ஓடுவது எதனால் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகித் தள்ளும். மேல் மா இறுகுவதற்குள் உள்ளே உருகிவிட்டால் எங்கே மெல்லிய இடமோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே துண்டு நல்ல குளிராக இருக்க வேண்டும், எண்ணெய் நல்ல சூடாக இருக்க வேண்டும், மாவில் ஓட்டை இருக்கக்கூடாது.

விஸ்கொன்சின் முறை கரைத்த மா. ஒரு கப் கோதுமை மா, கால் கப் அரிசி மா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு, மிளகு, ஒரு முட்டை. அங்கே பியர் விட்டுக் கரைப்பார்கள். அதில் வேலை செய்வது வாயுதான், வெறும் சோடா அதையே செய்யும். ஐஸ் போலக் குளிர்ந்த சோடா முக்கால் கப் அளவில், கரண்டியில் இருந்து பட்டையாக வழியும் பதத்துக்கு விடுங்கள். இனிப்பு ஜிஞ்சர் பியர் வேண்டாம், சீனி கருகும். சீஸ் துண்டை முதலில் உலர்ந்த மாவில் பிரட்டி, பிறகு கரைசலில் தோய்த்து நேரே எண்ணெயில்.

எனக்கு அதைவிட எங்கள் ரோல்ஸ், கட்லட் முறைதான் நம்பிக்கை. மா, அடித்த முட்டை, ரஸ்க் தூள். திரும்பவும் முட்டை, ரஸ்க் தூள். இரண்டு பூச்சு. தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, ஒரு மணித்தியாலம் பிரீசரில். கரைத்த மா பொரித்த சூட்டில் அருமை, ஆனால் கடற்கரை வீட்டில் வாடைக்காற்று நேரம் ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். ரஸ்க் தூள் தாங்கும்.

தேங்காயெண்ணெய் தாராளமாகப் பாவிக்கலாம், மணமில்லாத சுத்திகரித்த எண்ணெயாகப் பாருங்கள். செக்கெண்ணெய் இந்தச் சூட்டில் புகையும். ஆழமான தாச்சியில் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு, 185 பாகைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு ஆறு, ஏழு துண்டு, அதற்கு மேல் போட்டால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடும். கரைத்த மாவென்றால் ஒரு நிமிடம், பிரீசரில் இருந்து வரும் ரஸ்க் துண்டென்றால் ஒன்றரை. பொன்னிறம் வந்து, எங்காவது ஓரத்தில் சின்னதாக வெள்ளைக் குமிழ் எட்டிப் பார்த்தால் உடனே அள்ளிவிடுங்கள். அடுத்த நொடி அது ஓடத் தொடங்கும். கடதாசியில் போட்டால் அடிப்பக்கம் வியர்க்கும், கம்பித் தட்டில் வையுங்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்கள், உள்ளே சீஸ் வாயைச் சுடும்.

தொட்டுக்கொள்ள அங்கே ராஞ்ச் சோஸ். இங்கே தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து, உள்ளி ஒரு பல் அரைத்து, மிளகு, தேசிக்காய்ப் புளி, வெங்காயத்தாள் சேர்த்தால் அந்த இடத்தை நிரப்பும். கட்டச் சம்பலும் நன்றாகப் பொருந்தும், சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மச்சாள் கேட்டது பூட்டீன்தான் என்றால் உப்புப் பிரட்டிய அன்றைக்கே செய்துவிடுங்கள். சீஸை அரை மணித்தியாலம் முன்னதாக வெளியில் எடுத்து வைத்து, பொரித்த உருளைக்கிழங்கின் மேல் தூவி, கோழி எலும்புச் சாறில் செய்த கெட்டிக் கிரேவியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். சீஸ் பாதி இளகிப் பாதி நிற்க வேண்டும்.

வடித்த தெளிநீர் மூன்றரை லீற்றர் அளவில் மிஞ்சும், கொட்டிவிடாதீர்கள். ரொட்டிக்கு மா குழைக்க, பருப்பு அவிக்க நல்லது. உப்புச் சேர முன் வடித்தது என்றால் தண்ணீர் கலந்து வாழைக்கும் ஊற்றலாம். ரஸ்க் தூள் பூசிய துண்டுகள் பிரீசரில் இரண்டு மாதம் இருக்கும். கரன்ட் நீண்ட நேரம் நின்று துண்டு மெதுமையாகிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல் அன்றைக்கே பொரித்துவிடுங்கள். மற்றபடி உறைந்தபடியே எண்ணெயில் போடலாம், இளக வைக்கத் தேவையில்லை.